பேத்தியின் கோல்கீப்பர் கிட்: ஏழு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

சென்ற ஆவணியில், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பேத்திக்காக, ஜலந்தரில் தயாரான ஹாக்கி கோல்கீப்பர் கிட் ஒன்றைக் காரைக்குடியில் உள்ள ஒரு விளையாட்டுப் பொருள் கடை மூலம் வரவழைத்தேன். தலைக்கவசம், கழுத்துக் காப்பு, மார்புக் கவசம், இரு கைகளுக்குமான கிளவுஸ், கால் பேடு, பாதத்தில் மாட்டும் கிக்கர், சக்கரம் வைத்த பை ஆகிய அனைத்தும் சேர்ந்து 23,400 ரூபாய் ஆயிற்று. ஸ்டிக்கைத் தனியாக 1,900 ரூபாய்க்கு வாங்கினோம். வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஏழு மாதம் அவள் அதை அணிந்து ஆடிவிட்டாள். வாங்குவதற்கு முன் எங்கள் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் கிரிக்கெட் பேடைப் பற்றித்தான் சொல்லத் தெரிந்தது. ஹாக்கி கோல்கீப்பருக்கு என்ன வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது என்று தமிழில் விளக்குவார் இல்லை. அந்தத் திகைப்பு அடுத்தவருக்கு இருக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

கிட் வாங்கக் காரணமாக இருந்தவர் சவிதா பூனியா. இந்தியப் பெண்கள் அணியின் கோல்கீப்பரான அவருடைய படம் பேத்தியின் மேசைக்கு மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. 1990இல் ஹரியானாவின் சிர்சா மாவட்டத்தில் ஜோத்கான் என்னும் ஊரில் பிறந்த அவரை ஹாக்கிக்கு அனுப்பியே தீருவேன் என்று நின்றவர் அவருடைய தாத்தா. ஊரிலிருந்து சிர்சா நகரத்துக்குப் பேருந்தில் பயிற்சிக்குப் போன நாட்களில், கோல்கீப்பர் பையை உள்ளே ஏற்ற நடத்துநர்கள் மறுத்ததையும் கூரைமேல் போடச் சொன்னதையும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இந்தச் செய்தியைப் பேத்தி என்னிடம் படித்துக் காட்டிவிட்டு, “ஐயா, அவுக தாத்தாதான் அவுகள அனுப்பி வச்சாராம்” என்று மட்டும் சொல்லிப் போய்விட்டாள். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

முதலில் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தப் பொருளில் பாதி நன்மை அளவு எடுப்பதில்தான் இருக்கிறது. நான் தொலைபேசியில் பேசி, வயதையும் உயரத்தையும் சொல்லி, பணம் அனுப்பிவிடுகிறேன் என்றபோது கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. “பிள்ளைய ஒரு நா கூட்டிட்டு வாங்கய்யா, கால அளக்காம நான் ஆர்டர் போட மாட்டேன்” என்றார். எங்கள் ஊரான கந்தனூரிலிருந்து பேத்தியை அழைத்துச் சென்ற அன்று மாலை, அவர் டேப்பை வைத்துப் பாதத்திலிருந்து முழங்காலின் நடு வரைக்கும் இரண்டு கால்களையும் அளந்தார். தலையின் சுற்றளவையும் மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரையுள்ள நீளத்தையும் குறித்துக்கொண்டார். பேடில் முழங்கால் மடங்குவதற்கென வளைவு ஒன்று இருக்கும். அந்த வளைவு முழங்காலுக்கு நேராக அமையாமல் இரண்டு அங்குலம் மேலே போய்விட்டால், பிள்ளை உட்கார்ந்து எழ முடியாமல் கால் விறைத்துக்கொண்டு நிற்பாள் என்று அவர் அன்று விளக்கியது முழு உண்மை என்பதை, பெரிய அளவுப் பேடு கட்டிக்கொண்டு தடுமாறிய வேறொரு பள்ளிப் பெண்ணைப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன். வளரும் பிள்ளைதானே, ஒரு சுற்றுப் பெரிதாக வாங்கி வைப்போம் என்று சட்டை துணிக்குச் செய்வதை இதில் செய்யக் கூடாது. பொருள் வந்து சேர இருபத்திரண்டு நாள் ஆயிற்று. சொன்ன தேதிக்கு ஒரு வாரம் தாமதம். அதைத் தவிரக் கடையின் மேல் எனக்குக் குறையில்லை.

இனி, பொருள். நான் 1970களில் கல்லூரி அணியில் ஃபுல்பேக்காக, அதாவது கோலுக்கு முன் நிற்கும் தடுப்பாளனாக, ஆடியவன். எங்கள் கோல்கீப்பர், பிரம்புச் சட்டத்தின் மேல் பஞ்சடைத்துத் தைத்த கான்வாஸ் பேடுகளைக் கட்டிக்கொண்டு, தலையில் ஒன்றும் இல்லாமல் நின்றார். சில மாதங்களுக்கு முன் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடை ஒன்றில், எனாமல் தட்டுகளுக்கும் மரத்தூண்களுக்கும் இடையே அப்படி ஒரு ஜோடிப் பேடு கிடந்ததைக் கண்டேன்; கையில் எடுத்துப் பார்த்தால் இன்றைய பேடைவிட எடை அதிகம். அந்தப் பேடில் பந்து பட்டால் செத்து விழும். காலடியில் விழுந்த பந்தை எதிரணியின் ஃபார்வர்டு ஓடி வந்து மீண்டும் அடிப்பார். எங்களுக்குப் பாதி கோல்கள் அப்படித்தான் விழுந்தன. இன்றைய பேடும் கிக்கரும் அடர்த்தியான ஃபோமை அச்சில் வார்த்துச் செய்தவை. அவற்றில் பட்ட பந்து வேகமாகத் திரும்பி வெளியே தெறித்துப் போகும். ஆகவே கோல்கீப்பர் பந்தை நிறுத்துவதைவிட, எந்தப் பக்கம் திருப்பி அனுப்புவது என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறிய பிறகு ஆட்டத்தின் வேகமே வேறாகிவிட்டது. அந்த வேகத்துக்கு ஈடாக வந்ததுதான் இந்த ஃபோம்.

எங்கள் கிட்டின் பேடு இந்த வேலையைக் குறைவில்லாமல் செய்கிறது. வாங்கிய முதல் வாரத்தில் வீட்டு முகப்பில் பேத்தியை நிறுத்தி நானே பந்தை உருட்டியும் தள்ளியும் பார்த்தேன். இரண்டு கால்களிலும் ஒரே மாதிரியாகப் பந்து திரும்பியது. முகம் தட்டையாக இருப்பதால் எங்கு பட்டால் எங்கே போகும் என்பதை அவள் பத்து நாளில் பழகிக்கொண்டாள். ஏழு மாதத்தில் ஃபோமில் வெடிப்போ பிளவோ இல்லை. விதிப்படி காலில் கட்டிய நிலையில் பேடின் அகலம் 300 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அளவுகோலை வைத்துப் பார்த்தேன், சரியாக அதற்குள் அடங்கியிருக்கிறது. விலை குறைந்த சில தயாரிப்புகளில் ஃபோம் மெத்தென்று இருக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். அவற்றை வாங்க வேண்டாம்.

கிக்கரைப் பற்றி அப்படிப் பாராட்ட முடியவில்லை. காலணிக்கு மேல் மாட்டும் இந்தக் காப்பை, உள்ளங்காலுக்கு அடியில் செல்லும் மூன்று வார்கள்தான் பிடித்து வைக்கின்றன. நீர் தெளித்த செயற்கைத் தரையில் அந்த வார்கள் ஆண்டுக்கணக்கில் வரலாம். எங்கள் பள்ளி மைதானமோ செம்மண்ணும் சரளையும் கலந்தது. செம்பூரான் கல் பொடிந்த மண் என்றால் இந்தப் பக்கத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது மாதத்தில் நடு வார் நூலாகப் பிரிந்தது. ஐந்தாவது மாதத்தில் ஓர் ஆட்டத்தின் நடுவிலேயே அறுந்து, கிக்கர் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. தயாரிப்பாளர் மாற்று வார்களைத் தனியாக விற்பதில்லை. கடைக்காரர் பைக் கடையில் சொல்லி நைலான் பட்டையில் ஆறு வார்கள் தைத்துத் தந்தார், 360 ரூபாய் ஆயிற்று, அவை முன்னதைவிட உறுதியாகவே இருக்கின்றன. ஆனாலும் இவ்வளவு விலையுள்ள பொருளோடு இரண்டு ஜோடி மாற்று வார்களை வைத்துக் கொடுத்திருக்க வேண்டும். இந்த நாட்டில் மண் தரையில் தொடங்காத ஹாக்கிக்காரர் மிகச் சிலரே இருப்பார்கள் என்பது ஜலந்தரில் உள்ளவர்களுக்குத் தெரியாததா?

சவிதாவின் ஆட்டங்களைப் பேத்தியோடு உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்ததில், இந்த வாருக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதற்கான காரணம் தெளிவாயிற்று. ஆட்டம் சமனில் முடிந்தால் நடக்கும் ஷூட்-அவுட்டில், எதிரணி வீராங்கனை 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு புறப்பட்டு எட்டு விநாடிக்குள் கோல் அடிக்க வேண்டும். அவர் புறப்படும்போது கோல் கோட்டில் நிற்கும் கோல்கீப்பர் அந்த எட்டு விநாடிக்குள் முன்னே ஓடி, பின்வாங்கி, பக்கவாட்டில் நகர்ந்து, கடைசியில் தரையில் சரிந்து தடுக்க வேண்டும். எல்லாம் பாதத்தின் வேலை. 2017இல் ஜப்பானின் ககாமிகஹாராவில் நடந்த ஆசியக் கோப்பை இறுதியாட்டம் சீனாவுடன் 1-1 என்று நின்றபோதும், ஷூட்-அவுட்டில் இந்தியா 5-4 என வென்று பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கோப்பையைத் திரும்பப் பெற்றபோதும், அவர் கால்களை வைத்த முறையைக் கவனித்தேன். தொடரின் சிறந்த கோல்கீப்பராக அவரே தேர்வானார். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியின் வெண்கல ஆட்டத்தில், அவர் தலைமை தாங்கிய அணி கடைசி விநாடிகளில், கோல்கீப்பரை மட்டும் எதிரே நிறுத்தி அடிக்கும் பெனால்டி ஸ்ட்ரோக்கில், எதிரணியைச் சமன் செய்யவிட்டுவிட்டது. அப்படி ஓர் அடி விழுந்த பிறகு ஷூட்-அவுட்டுக்கு வந்து நின்று, நியூசிலாந்தை ஒரே ஒரு கோலோடு நிறுத்தி 2-1 என வென்று கொடுத்தார். அந்த எட்டு விநாடிகளில் கிக்கர் திரும்பிக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரிந்து தடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தொகுப்பில் தொடைக்கும் இடுப்புக்குமான பஞ்சு வைத்த அரைக்கால் சட்டை கிடையாது. செயற்கைத் தரையில் ஆடுபவர்களே அதை அணியும்போது, சரளையில் சரியும் பிள்ளைக்கு அது இல்லாமல் முடியாது. முதல் மாதத்தில் அவள் தொடையில் பட்ட சிராய்ப்புகளைப் பார்த்து அவளுடைய அப்பத்தா ஆட்டமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 2,100 ரூபாய்க்குத் தனியாக வாங்கிய பிறகுதான் வீட்டில் அமைதி திரும்பியது. வாங்குபவர்கள் இந்தத் தொகையையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கிளவுஸ் இரண்டும் ஒரே வகை அல்ல. இடக்கையில் பலகை போன்ற தட்டையான காப்பு. வலக்கையில் ஸ்டிக்கைப் பிடித்தபடியே மாட்டும் காப்பு. இடக்கைக் காப்பு மிக நன்றாக இருக்கிறது, மேலே வரும் பந்தை அது சுவர்போலத் திருப்பி விடுகிறது. வலக்கைக் காப்பின் உட்புறம் பெரியவர் கைக்கு வார்த்தது. பதினான்கு வயதுப் பெண்ணின் கை அதற்குள் ஆடுகிறது, பந்து ஸ்டிக்கில் பட்டால் ஸ்டிக் சுழன்றுவிடுகிறது. கடைக்காரர் கையின் அளவைக் குறித்து அனுப்பியும் இப்படி வந்தது, ஏனெனில் இந்தத் தயாரிப்பில் சிறுவர்களுக்கென வலக்கைக் காப்பின் அளவு தனியாக இல்லை. தையற்காரரிடம் கொடுத்து உள்ளே ஒரு வெல்க்ரோ பட்டை வைத்துச் சரிசெய்தோம். 2016இல் முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக்கில் ஆடிய இந்தியப் பெண்கள் அணி, 2021இல் டோக்கியோவில் நான்காவது இடம் வரை வந்தது. அதன் பிறகு எத்தனையோ ஊர்களில் சிறுமிகள் இந்த இடத்தில் நிற்க வந்திருக்கிறார்கள். அவர்கள் கைக்கு ஓர் அளவு செய்யும் காலம் வந்துவிட்டது.

தலைக்கவசத்தில் எந்தக் குறையும் சொல்ல இடமில்லை. பந்தைக் கையில் எடுத்துக் கம்பி வலையின் ஒவ்வோர் இடைவெளியிலும் அழுத்திப் பார்த்தேன். எங்கும் உள்ளே நுழையவில்லை, வலையும் மூக்குக்கு அருகே வளையவில்லை. தாடைக்குக் கீழே போதிய இடம் இருப்பதால் கழுத்துக் காப்பு உறுத்துவதில்லை. சில பள்ளிகளில் கிரிக்கெட் தலைக்கவசத்தை மாட்டிக் கோலில் நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன், அது தவறு. கிரிக்கெட் கவசத்தில் நெற்றிக்கும் வலைக்கும் இடையே திறப்பு உண்டு, தொண்டைக்கும் பின்தலைக்கும் போதிய காப்பு இல்லை. ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ளது. தடுக்கும் அணியின் தவறுக்காக எதிரணிக்குத் தரப்படும் பெனால்டி கார்னரில், முதல் அடியை ஓங்கி அடித்தால் கோலின் அடியில் உள்ள 460 மில்லிமீட்டர் உயரப் பலகைக்கு மேல் போகக் கூடாது என்று விதி தடுக்கிறது; ஆனால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக்குக்கு அந்த வரம்பு இல்லை, தலை உயரத்தில் வரலாம். 1972 மியூனிக்கில் வெண்கலம் வென்ற அணியில் இருந்த கண்ணூர் மானுவல் பிரெடரிக் போன்றவர்களின் தலைமுறை இன்றைய காப்புகள் எதுவும் இல்லாமல் நின்றதை நான் மரியாதையோடு நினைக்கிறேன். அதற்காக என் பேத்தியை அப்படி நிறுத்த மாட்டேன்.

டோக்கியோ காலிறுதியை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். முதல் மூன்று ஆட்டங்களிலும் நெதர்லாந்து, ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய அணிகளிடம் தோற்று, பிறகு அயர்லாந்தையும் தென்னாப்பிரிக்காவையும் வென்று எப்படியோ கரையேறிய இந்தியப் பெண்கள் அணி, 2021 ஆகஸ்ட் 2 அன்று ஆஸ்திரேலியாவைச் சந்தித்தது. குர்ஜித் கவுர் ஒரு பெனால்டி கார்னரைக் கோலாக்கினார். அதன் பிறகு மிச்ச நேரம் முழுவதும் சவிதாவின் பக்கம்தான் ஆட்டம் நடந்தது. ஆஸ்திரேலியாவுக்கு ஏழு பெனால்டி கார்னர்கள் கிடைத்தன, ஒன்றும் உள்ளே போகவில்லை, 1-0 என ஆட்டம் முடிந்தது. பெனால்டி கார்னரில் கோல்கீப்பரோடு நான்கு தடுப்பாளர்கள்தான் இருப்பார்கள். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் காத்திருக்க வேண்டும். 3.66 மீட்டர் அகலமும் 2.14 மீட்டர் உயரமும் கொண்ட கோலுக்கு முன் ஏழு முறை அப்படி நிற்பதற்கு, உடலில் கட்டியிருப்பதன் மேல் முழு நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாத பிள்ளை பந்து வரும்போது கண்ணை மூடுவாள் அல்லது முகத்தைத் திருப்புவாள். பழைய பள்ளிக் கிட்டை அணிந்திருந்த காலத்தில் என் பேத்தி இரண்டையும் செய்தாள். புதிய தலைக்கவசமும் மார்புக் கவசமும் வந்த இரண்டாம் வாரத்திலிருந்து அவள் பந்தை முகத்துக்கு நேரே பார்க்கிறாள். இந்த ஒரு மாற்றத்துக்காகவே கொடுத்த விலை தகும் என்று சொல்வேன்.

மார்புக் கவசம் இலேசானது. தோள்பட்டை அசைவுக்கு இடையூறில்லை. பெண்களுக்கென வடிவமைத்தது கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் ஆண்களுக்கானதையே அனுப்பிவிடுவார்கள்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கத்து மாலை நான்கு மணி எப்படி இருக்கும் என்பது தெரிந்ததுதான். ஒரு மணி நேரப் பயிற்சிக்குப் பின் உள்துணி பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. ஈரத்தோடு பையில் மூடி வைத்தால் மறுநாள் வாடை தாங்காது, தோலில் அரிப்பும் வந்துவிடும். நேரடி வெயிலில் போட்டால் ஃபோம் இறுகி வெடிக்கும். எங்கள் வளவைச் சுற்றியுள்ள ஓட்டுத் தாழ்வாரத்தில், நிழலும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுகிறோம். முற்றத்து வெயிலில் வடகமும் தாழ்வாரத்து நிழலில் பேடுமாகக் காய்கின்றன. உள்துணியைக் கழற்றித் துவைக்க முடிவது இந்தத் தயாரிப்பின் நல்ல அம்சம். தலைக்கவசத்தின் உள்மெத்தையை மட்டும் கழற்ற முடியவில்லை, ஈரத் துணியால் துடைத்தே சமாளிக்கிறோம்.

பை பெரியது, சக்கரங்கள் சிறியவை. சிமென்ட் தரையில் ஓடுகிறது. பேருந்து நிலையத்தின் பள்ளங்களில் சிக்கிக்கொள்கிறது. மொத்தம் பதினோரு கிலோ இருக்கிறது. கந்தனூரிலிருந்து காரைக்குடிக்குக் காலைப் பேருந்தில் அதை ஏற்றுவதற்குள் ஒவ்வொரு நாளும் ஒரு பேச்சு நடக்கும். ஒரு நாள் பேத்தி, பையின் மேல் தானே தாளில் எழுதி ஒட்டினாள்: “உள்ளே கோல்கீப்பர் கிட். மிதிக்காதீர்கள்.” சவிதாவின் பையைப் பற்றிப் படித்ததன் விளைவு அது என்பது எனக்குப் புரிந்தது. இப்போது அந்தத் தடத்தின் நடத்துநர் ஒருவரே ஓட்டுநருக்குப் பின்னால் அதற்கு இடம் ஒதுக்கித் தருகிறார்.

விலை அதிகம் என்று சிலர் சொன்னார்கள். அதிகம்தான். பாரிஸில் இரண்டாவது ஒலிம்பிக் வெண்கலத்தோடு ஓய்வு பெற்ற, இந்திய ஆண்கள் அணியின் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷுக்கு முதல் கிட் வாங்க, அவருடைய தந்தை வீட்டுப் பசுவை விற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஃபார்வர்டுக்கு ஒரு ஸ்டிக் போதும், கோல்கீப்பருக்கு அந்த விலையில் பத்து மடங்கு வேண்டும். ஆகவே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைதான் கோலில் நிற்க முடியும் என்ற நிலை வரக் கூடாது. பள்ளிகள் இரண்டு அளவுகளில் நல்ல கிட் வாங்கி வைத்துப் பராமரிப்பதே முறை. தனி ஒருவர் வாங்குவதானால், நீண்ட காலத்துக்கு இந்த இடத்தில்தான் ஆடப்போகிறோம் என்று பிள்ளை உறுதியாகச் சொன்ன பிறகு வாங்கலாம். கோல்கீப்பர் முதிர நெடுங்காலம் ஆகும். சவிதா 2007இல் தேசிய முகாமுக்கு அழைக்கப்பட்டார். இந்திய சீனியர் அணியில் ஆட 2011 ஆயிற்று. உலகின் சிறந்த கோல்கீப்பர் என்ற விருது 2021இல்தான் முதன்முதலாக வந்தது, பிறகு அடுத்த இரண்டு முறையும் அவருக்கே கிடைத்தது. 2024 ஜனவரியில் ராஞ்சியில் ஜெர்மனியிடம் ஷூட்-அவுட்டிலும் ஜப்பானிடம் 0-1 என்றும் தோற்று, பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பை அணி இழந்தபோது அவர்தான் தலைவி. அதன் பிறகும் ஒதுங்கிவிடாமல், 2025 பிப்ரவரியில் 300ஆவது சர்வதேச ஆட்டத்தை எட்டினார். அந்த ராஞ்சி ஆட்டத்தைப் பார்த்த இரவில் பேத்தி சாப்பிடாமல் படுத்தாள்; மறுநாள் பயிற்சிக்கு வழக்கத்தைவிட அரை மணி முன்னதாகக் கிளம்பினாள்.

கார்த்திகையில் இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது, மதுரைக்கு அவளை அழைத்துச் சென்றேன். நீலத் தரையில் அந்தக் கோல்கீப்பர்கள் சரிந்து எழுவதை வேலிக்கு அருகிலிருந்து பார்த்துவிட்டு, அவர்களின் கிக்கர் வார்களைத்தான் அவள் முதலில் கவனித்தாள். தேயவே இல்லை என்றாள்.

வாங்க நினைப்பவர்களுக்கு: பேடு, இடக்கைக் காப்பு, தலைக்கவசம் ஆகிய மூன்றுக்காக இந்தக் கிட்டைத் தயங்காமல் வாங்கலாம், சிறு பிள்ளைக்கானால் வலக்கைக் காப்பை வேறு தயாரிப்பில் பார்த்துத் தனியாக வாங்குவது நல்லது, மாற்று வார்களை ஆர்டர் போடும் அன்றே தைக்கச் சொல்லிவிடுங்கள். பிள்ளையை, ஆடும்போது போடும் அதே காலணியோடு மாலையில் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். காலையில் கடைக்காரர் இருப்பதில்லை. எங்கள் பேடு அடுத்த ஆண்டு சிறிதாகிவிடும் என்று இப்போதே தெரிகிறது. நல்ல நிலையில் இருந்தால் திரும்ப எடுத்துக்கொண்டு, கீழ் வகுப்பில் கோலில் நிற்கத் தொடங்கியிருக்கும் வேறொரு பிள்ளைக்குப் பாதி விலையில் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அதற்காகவே அவள் இப்போது ஒவ்வொரு நாளும் சரளைத் தூசியைத் துடைத்துவிட்டுத்தான் பேடைக் கயிற்றில் மாட்டுகிறாள்.